ஆறாம் பத்தி

மே 3

அக்கா,

நிழல் வலையைக் கழற்றியது நீதான்.

ஏணியில் ஏறியது எங்கள் ஆட்கள். கட்டுக் கம்பியை வெட்டியது மேஸ்திரி. சுருட்டி லாரியில் ஏற்றியவர்களில் நானும் ஒருவன். ஆனாலும் கழற்றியது நீ. உன் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து நீ அனுப்பிய அறிக்கையின் பதினான்காம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: "நண்பகலின் நேரடி வெயிலில் இலையின் செயல்பாடு குறையவில்லை, எனவே வலை அவசியமில்லை." மேனேஜர் அந்த வரியை மஞ்சள் பேனாவால் தடவி, நகலெடுத்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். தண்ணீர் குடிக்கப் போகும் ஒவ்வொரு தடவையும் உன்னைப் படிக்கிறேன்.

பதினெட்டு திராட்சை பிளாக்கிலும் வலை போய்விட்டது. நான்காம் நாளே மேற்கைப் பார்த்த இலைகள் படகு மாதிரி மடிந்துகொண்டன. ஏழாம் நாள் நரம்புகளுக்கு நடுவே வெளுத்தன. இப்போது தொட்டால் அப்பளமாக நொறுங்குகின்றன. "இலை போனா போவுது, குலையப் பாருங்கடா" என்கிறார் மேஸ்திரி. குலையும் வெந்துகொண்டிருக்கிறது, அவர் அந்தப் பக்கம் போவதில்லை, அவ்வளவுதான்.

இதற்காக மட்டும் எழுதவில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு மணிக்கு ஏழாம் பிளாக்கில் தராசம்மா விழுந்துவிட்டார்.

உனக்கு அவரைத் தெரியும். உன் ஆய்வுக்கு நான் அளவெடுத்தபோது கருவிக்குக் குடை பிடித்தவர். ஒரு குலையை உள்ளங்கையில் ஏந்தி எடை சொன்னால் தராசு பத்து கிராமுக்கு மேல் தள்ளாது, அதனால் அந்தப் பெயர். விழுந்தபோது அவர் சத்தம் போடவில்லை. கத்தரிக்கோல் கல்லில் பட்ட சத்தம்தான் கேட்டது. உடம்பு தீயாகக் கொதித்தது, வியர்வை ஒரு சொட்டு இல்லை. "மயக்கந்தான், தண்ணி தெளி" என்றார் மேஸ்திரி. வண்டி வர நாற்பது நிமிடம். நிழலுக்கு வேறு இடமில்லாமல் லாரிக்கு அடியில் கிடத்தினோம்.

ஆஸ்பத்திரியில் இருக்கிறார். கண் திறக்கிறார், பேச்சு குழறுகிறது.

அறிக்கை தவறு என்று தோட்டத்துக்கு எழுது. போன் வேண்டாம். போனில் நீ பேசினால் நான் எதற்கும் தலையாட்டிவிடுவேன். எழுது.

தம்பி

•

மே 9

தம்பிக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்தில் பிரித்தேன். இனி வீட்டு முகவரிக்குப் போடு.

தராசம்மாவைப் பற்றிப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் எந்த வேலையும் ஓடவில்லை. ஒரு தடவை போனில் அவர், "அக்கா, உங்க தம்பி வெயில்ல நின்னு நின்னு வாழைக்காய் சிப்ஸ் ஆயிட்டான்" என்று சொன்னது நினைவிருக்கிறது. மருத்துவர் என்ன சொல்கிறார் என்று எழுது.

மற்றதற்கு வருகிறேன். நான் எந்த வலையையும் தொடவில்லை. எனக்கு எண்கள் வந்தன, கூட்டினேன், வகுத்தேன், எழுதினேன். எண்களை அனுப்பியது நீ.

உனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான், கோபத்தில் மறந்திருப்பாய். முழு வெயிலில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலே திராட்சை இலைக்கு வயிறு நிறைந்துவிடும். அதற்கு மேல் விழும் வெளிச்சம் அதற்குச் சோறு இல்லை, சூடு. அந்தச் சூட்டை இலை தன் துளைகள் வழியாக நீரை வெளியே விட்டுத் தணிக்கும். தண்ணீர் போதாவிட்டால் துளைகளை மூடிக்கொள்ளும். மூடிவிட்டால் காற்றும் உள்ளே போகாது, இலை வேலையை நிறுத்திவிடும். நண்பகலில் வலைக்கு வெளியே இருக்கும் இலை இப்படி மூடிக்கொள்ளும் என்றுதான் நானும் எதிர்பார்த்தேன். உன் எண்கள் மூடவில்லை என்று சொல்லின. இருபத்தாறு நாளும் சொல்லின. நான் என்ன எழுத வேண்டும்? எதிர்பார்த்ததையா, வந்ததையா?

இன்னொன்று. வலைக்குக் கீழ் வளர்ந்த இலை மெல்லியது, அகலமானது. அதைத் திடீரென்று வெயிலில் நிறுத்தினால் கருகத்தான் செய்யும். வெயிலிலேயே விரிகிற புது இலை தடிப்பாக வரும், தாங்கும். அதனால் வலையைப் படிப்படியாக, கொடி தளிர்க்கும் முன்பே எடுக்க வேண்டும் என்று பதினைந்தாம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அதை யாராவது மஞ்சள் பேனாவால் தடவினார்களா?

ஆய்வுக்கு ஆள், கருவி, இடம் எல்லாம் கொடுத்தது அந்தத் தோட்டம். அவர்களுக்குத் தேவையான வரியை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எல்லா அறிக்கைக்கும் இதுதான் கதி. அலுத்துப்போய்விட்டது எனக்கு.

எண்களில் ஏதாவது கோளாறு இருந்தால் சொல். இல்லையென்றால் நான் எதைத் தவறு என்று எழுதுவது?

அம்மா உன்னைக் கேட்கிறாள். அவளுக்காவது போன் செய்.

அக்கா

•

மே 14

அக்கா,

கோளாறு இருக்கிறது.

முதலில் நேற்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் உனக்குப் புரியும். தராசம்மா விழுந்தது வெயிலால்தான் என்று அவருடைய மகள் தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்திருந்தாள். வெயிலால் என்று முடிவானால் சிகிச்சையும் வேலையும் தோட்டத்தின் பொறுப்பு. வேறு வியாதி என்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அலுவலர் தோட்டத்துக்கே வந்தார். மேனேஜர் உன் ஆய்வின் பதிவேட்டை எடுத்து வைத்தார்.

"பாருங்க சார், இருபத்தாறு நாள். தெனம் பன்னெண்டு மணிக்கு, வலை இல்லாத பிளாக்ல, ஒண்ணரை மணி நேரம் இந்தம்மா நின்னுருக்காங்க. அவங்க கையெழுத்தே இருக்கு. அப்ப ஒண்ணும் ஆகலையே? இப்ப மட்டும் எப்படி ஆகும்?"

அலுவலர் என்னைப் பார்த்தார். "தம்பி, நீங்கதான கூட நின்னது? நின்னாங்களா?"

நான் வாயைத் திறக்கவில்லை. "இது வேற ஏதோ உடம்புக் கோளாறு" என்று அவர் எழுதிக்கொண்டார்.

நாங்கள் நிற்கவில்லை, அக்கா. ஒரு நாள்கூட நிற்கவில்லை.

இலையைக் கவ்விப் பிடித்து அது எவ்வளவு மூச்சு வாங்குகிறது என்று சொல்கிற கருவி இருக்கிறதே, நாங்கள் அதை நண்டு என்போம். வலை உள்ள பிளாக்கில் பன்னிரண்டு மணிக்கு நண்டு ஒழுங்காக வேலை செய்தது. வெளியே கொண்டுபோனால் மூன்று இலைக்குள் கத்த ஆரம்பிக்கும். "அதிக வெப்பம்" என்று எழுத்து வரும், அணைந்துவிடும். குடை பிடித்தோம். ஈரத்துணி சுற்றினோம். தராசம்மா தன் குடிதண்ணீரை அதன் மேல் ஊற்றினார். "சூடு தாங்கலன்னா இதுக்கு வாயி இருக்கு, கத்துது. நாம கத்துனா யாரு அணைப்பா?" என்றார்.

பதிவு தொடங்குமுன் சோதித்துப் பார்த்த மூன்றாம் நாள் உனக்குப் போன் செய்தேன். நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "எப்படியாவது எடுடா. பன்னெண்டு மணி இல்லாம இந்த ஆய்வே இல்ல. இயக்குநர் என் உயிர வாங்குறாரு." எப்படியாவது என்றால் எப்படி என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணி அளவை முடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தோம். "இப்பவே இன்னொரு தடவ எடுத்துட்டு, பன்னெண்டுன்னு போட்டுட்டா என்னடா?" என்றார் தராசம்மா. நண்டே நேரத்தைப் பதிந்துகொள்ளும், ஏமாற்ற முடியாது என்றேன். "அதோட கடிகாரத்தத் திருப்பு. சூரியன் வந்து சாட்சி சொல்லவா போகுது?"

திருப்பினேன். மூன்று மணி நேரம் முன்னால். அளவெடுத்துவிட்டு மறுபடி பின்னால். வலை இல்லாத பிளாக்கின் பன்னிரண்டு மணி எண்கள் எல்லாமே காலை ஒன்பது மணி எண்கள். குளிர்ந்த இலை, திறந்த துளை. அதனால்தான் உன் இலைகள் நண்பகலில் அவ்வளவு சந்தோஷமாக இருந்தன.

சொல்லிவிட்டேன். இப்போது எழுது.

தம்பி

•

மே 19

தம்பி,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். என்னுடையதையும் நீ கிழித்துவிடு.

நீ என்ன செய்திருக்கிறாய் என்று உனக்குத் தெரிகிறதா? ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, இருபத்தாறு நாள். தினமும் உட்கார்ந்து, கடிகாரத்தைத் திருப்பி, அவரையும் கையெழுத்துப் போட வைத்து. அந்த வேலைக்கு உன்னை எடுங்கள் என்று நான் யார் யார் அறை வாசலில் நின்றேன் தெரியுமா? "என் தம்பி சார், கொஞ்சம் வாய் நீளம், ஆனா வேலையில பொய் இருக்காது" என்று சொன்னேன். என் வாயால் சொன்னேன்.

வெளியே தெரிந்தால் என்ன நடக்கும் என்று வரிசையாகச் சொல்கிறேன், உனக்கு யோசிக்கிற பழக்கம் இல்லை. உன் வேலை போகும். பொய்ப் பதிவு என்று உன் மேல் வழக்கு வரும். தராசம்மா கையெழுத்தும் இருக்கிறது, அவர் மேலும் வரும். ஜூனில் எனக்கு வேலை நிரந்தரமாக வேண்டும், ஆறு வருடமாக ஒப்பந்தத்தில் இருக்கிறேன், அது நடக்காது. அம்மாவுக்கு நான் என்ன சொல்வது?

இப்படிச் செய். தராசம்மாவை நல்ல மருத்துவரிடம் காட்டும்படி மகளிடம் சொல். வெயில் அடித்ததால்தான் என்று சான்றிதழ் வாங்கட்டும். பதிவேட்டை யாரும் தோண்ட வேண்டாம். அடுத்த பருவத்துக்கு வலை தேவை என்று நானே புதிதாக ஒரு குறிப்பு எழுதி மேனேஜருக்கு அனுப்புகிறேன். இலையின் வயது, காற்றின் ஈரம் என்று ஏதாவது காரணம் சொல்லிக்கொள்ளலாம்.

இதற்கு மேல் என்னால் முடியாது. கோபப்படக்கூடத் தெம்பு இல்லை.

அக்கா

•

மே 24

அக்கா,

ஒன்றும் கிழிக்கவில்லை.

சான்றிதழ் வாங்கியாயிற்று. "வெயில் காரணமாக இருக்கலாம்" என்று எழுதியிருக்கிறார் மருத்துவர். அந்த "கலாம்" போதாது என்கிறார் அலுவலர். பதிவேடு அப்படி இழுக்கவில்லையாம், தெளிவாகச் சொல்கிறதாம்.

உன் அறிக்கையை மறுபடி படித்தேன். முதல் தடவை பதினான்காம் பக்கத்தோடு நிறுத்தியிருந்தேன். இந்தத் தடவை பின்னால் இருக்கிற அட்டவணைக்குப் போனேன். பத்திகளுக்கு எண் போட்டிருக்கிறாய். ஒன்று தேதி. இரண்டு நேரம். மூன்று பிளாக். நான்கு வெளிச்சம், அது நண்டின் விளக்கில் நாமே வைப்பது. ஐந்து துளை எவ்வளவு திறந்திருக்கிறது. ஏழு இலை வாங்கிய காற்று.

ஆறு எங்கே?

நண்டு ஒவ்வொரு இலைக்கும் என்னென்ன தரும் என்று எனக்குத் தெரியும், அதைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன் நான். ஆறாவது இலையின் வெப்பநிலை. நான் அனுப்பிய ஃபைலில் அது இருந்தது. காலை ஒன்பது மணி இலையைப் பன்னிரண்டு மணி இலை என்று அனுப்பும்போது நான் பயந்தது அந்த ஒன்றுக்குத்தான். நேரத்தைத் திருப்பலாம், சூட்டைத் திருப்ப முடியாது. அக்கா கண்டுபிடித்துவிடுவாள், போன் செய்து திட்டுவாள் என்று ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. நீ போன் செய்யவே இல்லை. தப்பித்தேன் என்று நினைத்தேன். நீ கண்டுபிடித்துத்தான் இருந்தாய், இல்லையா?

வியாழக்கிழமை நண்டை எடுத்துக்கொண்டு ஏழாம் பிளாக்குக்குத் தனியாகப் போனேன். உண்மையான பன்னிரண்டு மணி. மூன்று இலைகள்தான் எடுக்க முடிந்தது. இலையின் சூடு 42. 43. 43. துளைகள் கிட்டத்தட்ட மூடியிருந்தன. காற்று வாங்கிய கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே. இலை வாங்கவில்லை, விட்டுக்கொண்டிருந்தது. பிறகு நண்டு கத்தி அணைந்தது. எனக்குத் தலை சுற்றியது, வரிசைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்படிச் சூடு ஏற ஏற, விழுந்த அன்று தராசம்மா ஐந்தரை மணி நேரம் குலை வெட்டியிருந்தார்.

அன்று சாயங்காலம் அவரைப் பார்க்கப் போனேன். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு அறை, ஒரு ஜன்னல், ஜன்னலை அட்டை வைத்து மறைத்திருந்தார்கள், வெளிச்சம் பட்டால் அவருக்குத் தலை வலிக்கிறதாம். ஒரு குலை கொண்டுபோயிருந்தேன். அதைக் கேட்டு வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார். கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

"நானூறு" என்றார். கொஞ்சம் கழித்து, "இல்லடா, அறுநூறு?" பிறகு என்னிடமே நீட்டினார். "முள்ளு ஒடைஞ்சிபோச்சு. எடுத்துட்டுப் போ."

தோட்டத்திலிருந்து ஒரு தாள் வந்திருக்கிறது. தனக்கு முன்பே நோய் இருந்தது, தோட்டத்துக்குச் சம்பந்தமில்லை என்று அவர் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் மகளுக்கு அவர் இடத்தில் வேலை தருவார்களாம். அதே ஏழாம் பிளாக்கில்.

கிளம்பும்போது உன்னைக் கேட்டார். "உங்கக்கா நல்லாருக்குதா? படிச்ச புள்ள, அது ஒரு வார்த்த சொன்னா கேப்பாங்க இல்ல?"

ஆறு எங்கே?

தம்பி

•

மே 31

தம்பிக்கு,

ஆறாம் பத்தி என்னிடம் இருக்கிறது.

அன்று என்ன நடந்தது என்று எழுதிவிடுகிறேன். நியாயப்படுத்த இல்லை. இரண்டு மாதமாக இதை யாரிடமும் சொல்லவில்லை, அதுவே ஒரு சுமையாக இருக்கிறது.

அறிக்கை மாலைக்குள் போக வேண்டும். மின்விசிறி ஓடாத அறை, நாலு பேருக்கு இரண்டு மேசை. மூன்று மணி வாக்கில் அட்டவணையைச் சரிபார்த்துக்கொண்டு வந்தேன். வலைக்குள் இருக்கும் இலை நண்பகலில் 34 டிகிரி. வலைக்கு வெளியே, முழு வெயிலில் இருக்கும் இலை 28. வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவன் வியர்த்து வழிகிறான், வெட்டவெளியில் நிற்பவன் போர்வை கேட்கிறான் என்பது போல. ஒரு நாள் என்றால் தற்செயல் எனலாம். பக்கம் பக்கமாக அப்படியே.

எனக்குப் புரிந்துவிட்டது. எப்படிச் செய்தாய் என்று புரியவில்லை, பன்னிரண்டு மணிக்கு எடுக்கவில்லை என்று புரிந்துவிட்டது. போனைக் கையில் எடுத்தேன். அப்போது இயக்குநர் வாசலில் வந்து நின்றார். "முடிஞ்சுதாம்மா? தோட்டத்துலேர்ந்து மூணு தடவ கேட்டுட்டாங்க." முடிந்தது சார் என்றேன். போனைக் கீழே வைத்தேன். உணர்கருவியில் பழுது இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ அனுப்பிய ஃபைலைத் தொடவில்லை, அறிக்கையில் மட்டும் அந்தப் பத்தியைத் தேர்ந்தெடுத்து அழித்தேன். ஒரு விசை, ஒரு நொடி. பத்தி எண்களை மாற்றிப் போட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. தப்புச் செய்வதிலும் எனக்குத் திறமை கிடையாது.

உன்னைக் காப்பாற்றத்தான் அழித்தேன் என்று பல நாள் நம்பினேன். அது பொய். நான் களைத்துப்போயிருந்தேன். திருப்பி அனுப்பினால் இன்னொரு பருவம் காத்திருக்க வேண்டும், இன்னொரு வருடம் ஒப்பந்தம், இன்னொரு வருடம் அதே மேசை. அதுதான் காரணம்.

ஒரு வழி யோசித்திருக்கிறேன். கருவியில் பழுது என்று நிலையத்தின் பெயரில் ஒரு கடிதம் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். "உணர்கருவியின் கோளாறு காரணமாக நண்பகல் அளவுகளை நம்ப இயலாது." அறிக்கை செல்லாததாகிவிடும். வலை திரும்ப வரும். உனக்கும் எனக்கும் எதுவும் ஆகாது. யாருக்கும் யார் மேலும் குற்றமில்லை. நீ சரி என்றால் திங்கட்கிழமையே அனுப்பிவிடுகிறேன்.

சரி என்று எழுதுடா. எனக்கும் கொஞ்சம் மூச்சு விட வேண்டும்.

அக்கா

•

ஜூன் 5

அக்கா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உன் மேல் கோபம் போய்விட்டது. அதனால் எதுவும் சுலபமாகிவிடவில்லை.

கருவியில் பழுது என்று நீ எழுதினால் இலைக்கு நியாயம் கிடைக்கும். வலை வரும். தராசம்மாவுக்கு என்ன வரும்? கருவிதான் பழுது, ஆட்கள் நின்றது நின்றதுதானே என்பார் மேனேஜர். இருபத்தாறு நாள் வெயிலில் அசராமல் நின்ற பெண்பிள்ளையாகவே அவர் பதிவேட்டில் இருப்பார். அவரை அங்கிருந்து கீழே இறக்க வேண்டும், அக்கா. அதற்கு நாம் இரண்டு பேரும் பொய் சொன்னோம் என்று சொல்வதைத் தவிர வேறு வழி இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

உண்மையைச் சொல்லப் போவதற்கு முன்னால் தராசம்மாவிடம் கேட்டேன். உங்கள் கையெழுத்தும் இருக்கிறது, உங்களையும் இழுப்பார்கள் என்றேன். "இழுக்கட்டும். சும்மா படுத்துக் கெடக்குறதுக்கு அது தேவல" என்றார்.

செவ்வாய்க்கிழமை தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய் நான் என் பங்கைச் சொல்லிவிட்டேன். நண்டு, குடை, கடிகாரம், எல்லாம். அலுவலர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

"நீ அந்தம்மாவுக்கு வேண்டியவன். கடிகாரத்தத் திருப்பினேன்னு நீ சொல்ற, திருப்பலன்னு பதிவு சொல்லுது. நான் எத நம்புறது?"

"இலையோட சூட்டப் பாருங்க சார். பன்னெண்டு மணி வெயில்ல இருபத்தெட்டு டிகிரி வராது."

"எங்க இருக்கு அது?"

நண்டின் நினைவகத்தை அன்றன்று சாயங்காலம் அழித்துவிட வேண்டும் என்பது நீங்கள் போட்ட விதி. என்னிடம் ஒன்றும் இல்லை. வியாழக்கிழமை எடுத்த மூன்று இலைகளைக் காட்டினேன். அனுமதி இல்லாமல் கருவியைத் தொட்டதற்கு அதுவே ஆதாரம் என்று, அங்கே வரவழைக்கப்பட்டிருந்த மேனேஜர் சிரித்தார். "அக்கா ஆராய்ச்சியாளர்னா தம்பி அரை ஆராய்ச்சியாளரா?" என்றார். மறுநாள் காலை தோட்டத்து வாசலிலேயே என் வேலை அட்டையை வாங்கிக்கொண்டார்கள். இப்போது சந்தைக்குப் பின்னால் மூட்டை இறக்குகிறேன்.

மூல ஃபைல் உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது. ஆறாம் பத்தியோடு, உன் கையெழுத்தோடு, தொழிலாளர் அலுவலகத்துக்கு அனுப்பு. பன்னிரண்டாம் தேதி கடைசி விசாரணை. வழக்கு வந்தால் வரட்டும், இரண்டு பேரும் சேர்ந்தே நிற்போம். அம்மாவிடம் நானே வந்து சொல்கிறேன்.

உன் வேலையைக் கேட்கிறேன் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

தம்பி

•

ஜூன் 13

அக்கா,

உன்னிடமிருந்து எதுவும் வரவில்லை. அலுவலகத்துக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

நேற்று தராசம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனோம். மாடிப்படி பத்தொன்பது. நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்தார். அலுவலர் தோட்டம் அனுப்பிய அந்தத் தாளை நீட்டினார். பேனாவைப் பிடிக்க முடியவில்லை, விரல் நிற்கவில்லை. உடனே மேனேஜர் மைப்பெட்டியைத் திறந்து வைத்தார். "பரவால்லம்மா, கட்டை விரல் போதும்." கொண்டுவந்திருக்கிறார் பார், பையிலேயே.

தராசம்மா கையை இழுத்துப் புடவைக்குள் மறைத்துக்கொண்டார். "ஒரு வாரம் குடுங்க சார். தபால் வரும்."

"யார்கிட்டேர்ந்து?" என்றார் அலுவலர்.

"நிலையத்துலேர்ந்து. அங்க ஒரு பொண்ணு இருக்குது."

அலுவலர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இருபதாம் தேதி என்று எழுதிக்கொடுத்தார். அதற்கு மேல் ஒத்திவைக்க மாட்டாராம்.

இறங்கும்போது கேட்டேன், எந்த நம்பிக்கையில் அப்படிச் சொன்னீர்கள் என்று. "போன்ல பேசுச்சே" என்றார். அவ்வளவுதான் காரணம்.

தோட்டத்துத் தளவாடக் கிடங்கு எழுத்தர், உன் நிலையத்துக்குப் போய்வருபவர், என்னிடம் இன்னும் பேசுகிறார். நிலையத்தில் நிரந்தரமானவர்கள் பட்டியல் வந்துவிட்டது, அதில் உன் பெயர் இருக்கிறது என்றார். உண்மையா? உண்மை என்றால் சந்தோஷம்தான். கிண்டல் இல்லை. ஆறு வருடம் நீ பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

அதை வைத்துக்கொண்டே அனுப்ப வழி இருந்தால் அப்படியே அனுப்பு. இல்லையென்றால் இல்லாமல் அனுப்பு.

தம்பி

•

ஜூன் 19

அக்கா,

நாளை காலை பத்து மணி.

இன்றைய தபாலும் பார்த்துவிட்டேன். தராசம்மாவின் மகள் தாளை மடித்துத் தயாராக வைத்திருக்கிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. தராசம்மா மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அட்டை வைத்த ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து, வலது கட்டை விரலை மற்ற விரல்களுக்குள் மூடி வைத்திருக்கிறார்.

இந்தக் கடிதம் நாளைக்குள் உனக்குக் கிடைக்காது. தெரியும். கடைசி நாள்வரை இழுக்கக் கூடாது என்றுதான் இதற்கு முன்னால் இரண்டு கடிதம் எழுதினேன். தபால்காரரிடம் கொடுத்துவிட்டு வந்து, சந்தை டீக்கடையிலிருந்து உன் நிலையத்துக்குப் போன் செய்யப் போகிறேன். போன் வேண்டாம் என்று சொன்னவன் நான்தான். பரவாயில்லை. யார் எடுத்தாலும் இதையே சொல்வேன், நீ எடுத்தாலும் இதையேதான் சொல்வேன்.

ஆறாம் பத்தியை அனுப்பு.

தம்பி